அரியணை ஒன்று, பிள்ளைகள் பலர்: இளைய இளவரசர்களின் பட்டங்கள் சொல்லும் கதை

“சார், கொடுத்த பட்டத்த எப்படி சார் திரும்ப வாங்குவாங்க? சான்றிதழ் மாதிரி கையில வச்சிருப்பாங்களா?”

கடந்த 2025ஆம் ஆண்டு நவம்பரில், செங்கில் நான் நடத்தும் வரலாற்று டியூஷன் வகுப்பில் நான்காம் படிவ மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், அக்டோபர் 30ஆம் தேதி, பிரிட்டன் மன்னர் சார்ல்ஸ் தம் தம்பி ஆண்ட்ரூவின் பட்டங்களை நீக்கும் நடவடிக்கையைத் தொடங்கிவிட்டதாக அரண்மனை அறிவித்திருந்தது. 1986 முதல் ‘யார்க் கோமகன்’ என்று அழைக்கப்பட்டவர், இனி ஆண்ட்ரூ மவுண்ட்பேட்டன் விண்ட்சர் என்ற வெறும் பெயரோடு வாழ வேண்டும். அவர் மீது எழுந்த குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்திருக்கிறார். ஆனாலும் பட்டம் போய்விட்டது.

வகுப்பில் சிரிப்பு அடங்கியதும் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி இன்னொரு கேள்வி கேட்டார். “அவரு ராஜாவுக்குத் தம்பிதானே சார்? அப்புறம் எதுக்கு அவருக்குத் தனியா ஒரு பட்டம்?”

முதல் கேள்வி சுவையானது. இரண்டாவது கேள்வி ஆழமானது. அதற்கு விடை தேட லண்டன் வரை போக வேண்டியதில்லை. செங்கிலிருந்து கார் ஏறினால் சிறிது நேரத்தில் செயின்ட் பால் குன்றின் அடிவாரத்துக்குப் போய்விடலாம். அங்கே சுல்தான் மன்சூர் ஷாவின் மர அரண்மனையைப் பார்த்துக் கட்டியது போன்ற ஓர் அருங்காட்சியகம் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் போய் வந்திருப்பீர்கள். அந்த அரண்மனையில் வாழ்ந்த குடும்பத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி இரத்தம் சிந்த வைத்திருக்கிறது.

*மூத்தவருக்கு நாடு, இளையவருக்கு என்ன?*

சிக்கல் எளிமையானது. அரியணை ஒன்று, மன்னரின் பிள்ளைகளோ பலர். ஒருவர் அமர்ந்தால் மற்றவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்பவரும் அதே இரத்தம், அதே வளர்ப்பு. அவரைச் சுற்றியும் ஒரு கூட்டம் இருக்கும். “உங்களுக்கு என்ன குறைச்சல்?” என்று அது தினமும் காதில் ஓதும்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள் நம் பெரியவர்கள். அரண்மனைக்கும் அது பொருந்தும். எனவே மூத்தவருக்கு நாட்டைக் கொடுத்த மன்னர்கள், இளையவரின் வாய்க்கும் வயிற்றுக்கும் ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் இப்படி இளைய இளவரசர்களுக்குக் கொடுத்த நிலத்துக்குப் பிரெஞ்சு மொழியில் ‘அப்பனாஜ்’ என்று பெயர். ‘ரொட்டி கொடுத்தல்’ என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. பெயரிலேயே வயிறு இருக்கிறது, பாருங்கள்.

நம் தமிழ் மன்னர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் இராஜேந்திர சோழன் ஒரு மகனான இராஜாதிராஜனை 1018 முதலே தம்மோடு சேர்ந்து ஆளும் இணையரசர் ஆக்கினார். இன்னொரு மகனை மதுரைக்கு அனுப்பி, ‘சோழ பாண்டியன்’ என்ற பட்டத்தோடு பாண்டிய நாட்டை ஆளச் செய்தார். சடையவர்மன் சுந்தர சோழ பாண்டியன் என்ற அந்த மகன், தம் கல்வெட்டுகளில் தம்முடைய சொந்த ஆட்சி ஆண்டையே கணக்கிட்டார். சோழ அரியணை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு நாடும் ஒரு பெயரும் ஒரு பொறுப்பும் கிடைத்தன. 1025இல் கடாரத்தின் மீது கடற்படை அனுப்பிய அதே இராஜேந்திரன்தான் வீட்டுக்குள் இந்தக் கணக்கையும் போட்டு வைத்தவர்.

*கோமகன் என்ற சொல் பிறந்தபோது*

ஆண்ட்ரூவின் பட்டத்தின் வேர் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் மன்னரிடம் இருக்கிறது. 1337இல் அவர் தம் மூத்த மகனைக் கார்ன்வால் கோமகன் ஆக்கினார். இங்கிலாந்தில் உருவான முதல் கோமகன் பட்டம் அதுதான். அப்போது அந்தப் பிள்ளைக்கு வயது ஆறு. பின்னர் 1362இல் இளைய மகன்கள் இருவருக்குக் கிளாரன்ஸ், லங்காஸ்டர் பட்டங்கள் கிடைத்தன. மற்ற இரு மகன்களுக்கு, எட்வர்டின் பேரன் இரண்டாம் ரிச்சர்ட் 1385இல் யார்க், குளோஸ்டர் பட்டங்களைக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் பட்டம் என்பது அழைப்பிதழில் போடும் பெயர் அன்று. அதனோடு நிலம் வரும், குத்தகைப் பணம் வரும், கோட்டை வரும், கோட்டைக்குள் வீரர்களும் வருவார்கள். தம்பிக்கு ரொட்டி கொடுக்கப் போய், தம்பி வீட்டுக்கு ஒரு சிறு படையே கிடைத்துவிட்டது.

விளைவு? 1399இல் லங்காஸ்டர் கோமகனின் மகன், தம் பெரியப்பா மகனான இரண்டாம் ரிச்சர்டையே அரியணையிலிருந்து இறக்கிவிட்டு நான்காம் ஹென்றி ஆனார். அடுத்த நூற்றாண்டில் லங்காஸ்டர் வழியினரும் யார்க் வழியினரும் 1455 முதல் 1485 வரை விட்டு விட்டுப் போரிட்டுக்கொண்டார்கள். ‘ரோஜாப் போர்கள்’ என்று வரலாறு சொல்வது இதைத்தான். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் வழி வந்தவர்கள் அவர்கள்.

பிரான்சிலும் இதே கதைதான். 1363இல் மன்னர் இரண்டாம் ஜான் தம் கடைசி மகன் பிலிப்புக்குப் பர்கண்டி நாட்டைக் கொடுத்தார். அன்பினால் கொடுத்ததுதான். ஆனால் பிலிப்பின் வழிவந்தவர்கள் பிரெஞ்சு மன்னருக்கு எதிராக இங்கிலாந்தோடு கைகோத்தார்கள். 1430இல் ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பிடித்து ஆங்கிலேயரிடம் விற்றது பர்கண்டிப் படைதான்.

இந்தப் பாடத்தைக் கற்ற பிறகு மன்னர்கள் மெல்ல நிலத்தைப் பிடித்துக்கொண்டு பட்டத்தை மட்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று லங்காஸ்டர் நிலங்களின் வருமானம் பிரிட்டன் மன்னருக்கே போகிறது. கார்ன்வால் நிலங்களின் வருமானம் அடுத்து அரியணை ஏறப் போகும் மூத்த மகனுக்குப் போகிறது. ஆண்ட்ரூவுக்கு 1986இல் கிடைத்த யார்க் பட்டத்திலோ, 2018இல் இளவரசர் ஹாரிக்குக் கிடைத்த சசெக்ஸ் பட்டத்திலோ ஒரு பிடி மண்கூட இல்லை. 2023இல் மன்னரின் கடைசித் தம்பி எட்வர்டுக்குக் கிடைத்த எடின்பரோ கோமகன் பட்டமோ அவருடைய ஆயுள் வரைக்கும்தான். மகனுக்குப் போகாது.

நிலம் உள்ள பட்டம் ஆபத்தானது. வேலை இல்லாத வெறும் பட்டமோ பலவீனமானது. எழுதிக் கொடுத்த பெயரை எழுதியே எடுத்துவிடலாம். முதல் உலகப் போரில் ஜெர்மனியின் பக்கம் நின்றதற்காக 1919இல் அரச குடும்பத்தைச் சேர்ந்த இரு கோமகன்களின் பட்டங்கள் இப்படித்தான் பறிக்கப்பட்டன. அந்த மாணவரின் முதல் கேள்விக்கு விடை இதுதான்.

*மீன் விற்ற மலாக்கா இளவரசர்*

இனி நம் ஊருக்கு வருவோம். ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று நூல் மலாக்கா சுல்தான்களின் குடும்பக் கதையை விரிவாகச் சொல்கிறது. அதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பெயர், மணி புரிந்தான். ‘கெலிங்’ நாட்டிலிருந்து, அதாவது தென்னிந்தியக் கரையிலிருந்து, மலாக்காவுக்கு வந்து பிரபுவாக உயர்ந்த முஸ்லிம் அவர். அவர் மகளைச் சுல்தான் முகமட் ஷா மணந்தார். அவர்களுக்குப் பிறந்தவர் ராஜா காசிம்.

சுல்தானுக்கு ரோக்கான் நாட்டு இளவரசி வழியாக இன்னொரு மகனும் இருந்தார். அவர் ராஜா இப்ராகிம். சுல்தான் மறைந்ததும் அரியணை ராஜா இப்ராகிமுக்குப் போனது. அவரோ சிறுவர். அவருடைய தாய்வழி உறவினரான ரோக்கான் மன்னரே மலாக்காவை ஆட்டிவைத்தார். ராஜா காசிமுக்குப் பட்டமும் இல்லை, நிலமும் இல்லை. அரண்மனையை விட்டுத் துரத்தப்பட்ட அவர் மீனவர்களோடு தங்கி, மீன் பிடித்து விற்று வாழ்ந்தார் என்கிறது அந்நூல்.

கப்பலில் வந்திறங்கிய மௌலானா ஜலாலுடின் என்ற சமய அறிஞர் அவரை அடையாளம் கண்டு ஊக்கம் கொடுத்தார். மணி புரிந்தானின் மகனும் ராஜா காசிமின் தாய்மாமனுமான துன் அலி துணைக்கு வந்தார். 1446ஆம் ஆண்டு வாக்கில் ஓர் இரவில் அரண்மனைக்குள் புகுந்தார்கள். அந்தக் குழப்பத்தில் ரோக்கான் மன்னர் இளம் சுல்தானைக் குத்திக் கொன்றார். அவரும் கொல்லப்பட்டார். மீன் விற்ற ராஜா காசிம், சுல்தான் முசாபர் ஷா ஆனார்.

ஒன்றும் கொடுக்காமல் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? ஒன்றரை ஆண்டுகூட நிலைக்காத ஓர் ஆட்சி, ஒரு சிறுவரின் மரணம், ஓர் இரவுக் கலவரம்.

*ஒரு பந்து, ஒரு கொலை, ஒரு புதிய நாடு*

அடுத்த கதையை இரண்டாம் படிவ மாணவர்கள்கூட அறிவார்கள். முசாபர் ஷாவின் மகன் சுல்தான் மன்சூர் ஷாவுக்குப் பல பிள்ளைகள். அவர்களில் ராஜா முகமட் மீது அவருக்குத் தனிப் பாசம். அவரையே அடுத்த சுல்தானாக்க நினைத்திருந்தார். அந்த இளவரசரின் தாய், மலாக்கா வென்ற பகாங்கின் பழைய ஆட்சியாளருடைய மகள்.

ஒரு நாள் ராஜா முகமட் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். வழியில் பெண்டஹாரா துன் பேராக்கின் மகன் துன் பெசார் நண்பர்களோடு செப்பாக் ராகா விளையாடிக்கொண்டிருந்தார். நீங்கள் பள்ளித் திடலில் விளையாடும் தக்ரோவின் தாத்தா அந்த விளையாட்டு. துன் பெசார் உதைத்த பந்து இளவரசரின் தலைப்பாகையில் பட்டு, அது கீழே விழுந்தது. அவ்வளவுதான். இளவரசரின் ஆள் ஒருவர் பாய்ந்து துன் பெசாரைக் குத்திவிட்டார்.

பெண்டஹாராவின் ஆட்கள் ஆயுதங்களோடு திரண்டார்கள். பெற்ற மகனைப் பறிகொடுத்த துன் பேராக்கே அவர்களைத் தடுத்தார். அரசருக்கு எதிராகக் கை ஓங்குவது மரபு அன்று என்றார். ஆனால் ஒன்றில் உறுதியாக நின்றார்: இந்த இளவரசரைத் தங்களுக்கு மன்னராக ஏற்க முடியாது.

சுல்தான் மன்சூர் ஷாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் செல்ல மகன். மறு பக்கம் நாட்டையே தாங்கி நிற்கும் பெண்டஹாரா. அவர் ஒரு நடுவழி கண்டார். ராஜா முகமட்டை மலாக்கா அரியணை வரிசையிலிருந்து நீக்கினார். அதே வேளையில் அவரைத் தாயின் நாடான பகாங்குக்கு அனுப்பி, சுல்தானாக முடிசூட்டினார். 1470 வாக்கில் பகாங் சுல்தான் ஆட்சி தொடங்கியது இப்படித்தான். பெக்கானில் உள்ள அவரது கல்லறைக் கல், அவர் 1475இல் மறைந்ததைச் சொல்கிறது. தந்தைக்கு முன்பே மகன் போய்விட்டார். மன்சூர் ஷா 1477இல் மறைந்தபோது மலாக்கா அரியணை இன்னொரு மகனான அலாவுடின் ரியாயாட் ஷாவுக்குப் போனது.

பகாங்கைக் கொடுத்தது சரியா? இரண்டு பக்கமும் சான்று உண்டு. திரங்கானுவை ஆண்ட துன் தெலானை, பகாங்குக்குச் சொல்லாமல் நேராக மலாக்காவுக்குப் போய் வணங்கியதால் பகாங் சுல்தான் அவரைக் கொல்லச் செய்தார் என்கிறது செஜாரா மெலாயு. மலாக்கா கொதித்தது. ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் போரின் விளிம்புக்குப் போய்த் திரும்பின. நிலம் உள்ள தம்பி ஆபத்து என்று இங்கிலாந்து கற்ற பாடம் இங்கேயும் எட்டிப்பார்க்கிறது.

ஆனால் 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது நடந்ததையும் பாருங்கள். ஊரை இழந்து ஓடிய சுல்தான் மாமுட் ஷா முதலில் அடைக்கலம் தேடிய நாடு பகாங். மூத்த கிளை முறிந்தபோது, வெளியே அனுப்பிய கிளை தாங்கிப் பிடித்தது.

*வெளியேற்றப்பட்டவரின் வீடு*

மாமுட் ஷாவின் குடும்பத்திலும் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. இம்முறை கதை தலைகீழ். வயதில் மூத்தவரான முசாபர்தான் அதுவரை வாரிசு. ஆனால் துன் பாத்திமாவுக்கு ஒரு மகன் பிறந்ததும் அந்த உரிமை குழந்தைக்கு மாற்றப்பட்டது. துன் பாத்திமா யார் தெரியுமா? 1510இல் மரண தண்டனைக்கு ஆளான பெண்டஹாரா துன் முத்தாகிரின் மகள். துன் முத்தாகிர், துன் அலியின் மகன். துன் அலி, மணி புரிந்தானின் மகன். தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவரின் கொள்ளுப்பேத்தி வயிற்றில் பிறந்த பிள்ளைக்காக மூத்தவர் ஒதுங்க வேண்டியதாயிற்று.

1528இல் கம்பாரில் மாமுட் ஷா மறைந்தார். இளையவர் அலாவுடின், ஜொகூர் சுல்தான் ஆட்சியைத் தொடங்கினார். மூத்தவர் முசாபரோ வெளியேற்றப்பட்டார். அவர் வடக்கே பேராக்குக்குப் போய், 1528இல் அதன் முதல் சுல்தான் ஆனார்.

அடுத்து நடந்ததுதான் வரலாற்றின் விளையாட்டு. ஜொகூரில் ஆண்ட மலாக்கா வழி 1699இல் சுல்தான் மாமுட் கொல்லப்பட்டதோடு முடிந்தது. இன்றைய ஜொகூர், பகாங் அரச குடும்பங்கள் வேறு வழியில் வந்தவை. ஆனால் பேராக் அரச குடும்பம் இன்றும் தன் மரபை மலாக்காவோடு இணைத்தே சொல்கிறது. நம் மலாக்காவில் இன்று சுல்தான் இல்லை, ஆளுநர்தான் இருக்கிறார். மலாக்காவின் அரச நினைவைக் காப்பாற்றி வைத்திருப்பது, வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர் கட்டிய வீடு.

*பேராக்கின் ஏணி*

அப்படி வந்த குடும்பம் என்பதாலோ என்னவோ, இளையவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதில் பேராக் தனி வழி கண்டது. நிலத்தைப் பிரிக்காமல் வரிசையைக் கொடுத்தது. ராஜா மூடா, ராஜா டி ஹிலிர், ராஜா கெச்சில் பெசார், ராஜா கெச்சில் சூலோங், ராஜா கெச்சில் தெங்ஙா, ராஜா கெச்சில் போங்சு என்று ஆறு பட்டங்கள். ஏணியின் ஆறு படிகள் போல. மேலே ஓர் இடம் காலியானால் கீழே உள்ளவர் ஏறலாம். ‘ராஜா மூடா’ என்றால் இளமையான அரசர். நம் ‘இளவரசர்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: இள, அரசர். இரு மொழியும் ஒரே மாதிரி சிந்தித்திருக்கின்றன.

ஆனால் ஏணியை யாராவது தாண்டிக் குதித்தால்? 1871இல் சுல்தான் அலி மறைந்தபோது ராஜா மூடா அப்துல்லா நல்லடக்கத்துக்கு வரவில்லை. பிரபுக்கள் அவரை விட்டுவிட்டு ராஜா இஸ்மாயிலைச் சுல்தானாக்கினார்கள். ராஜா யூசோப் என்ற மூன்றாமவரும் தமக்கே உரிமை என்றார். லாரூட்டில் ஈயச் சுரங்கக் கலவரம் வேறு. இந்த நிலையில் அப்துல்லா ஆங்கிலேயரின் உதவியை நாடினார். 1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்துல்லாவுக்குச் சுல்தான் பட்டம், ஆங்கிலேயருக்கு ரெசிடெண்ட் பதவி. 1875 நவம்பர் 2ஆம் தேதி முதல் ரெசிடெண்ட் பர்ச் பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 1877இல் அப்துல்லா செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டத்துக்காக நாட்டின் கதவைத் திறந்துவிட்டவருக்குப் பட்டமும் மிஞ்சவில்லை, நாடும் மிஞ்சவில்லை.

மாணவர்களே, இது யாரோ ராஜாக்களின் சண்டை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆங்கிலேயர் ஆட்சி மலாய் மாநிலங்களுக்குள் கால் ஊன்றியது பங்கோரில்தான். அதே 1877இல் கோலகங்சாரில் ரெசிடெண்டின் வளாகத்தில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. 1896இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். பிறகு தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களுக்குத்தான் நம்மில் பலருடைய கொள்ளுத் தாத்தா பாட்டிமார் கப்பலேறி வந்தார்கள். ஓர் அரண்மனையில் வரிசை குலைந்ததும் நம் குடும்பங்கள் இங்கே வேர் விட்டதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

*பக்கத்து வீட்டு வழி*

செங்கிலிருந்து அலோர் காஜா வழியாகத் தம்பின் போனால் நெகிரி செம்பிலான். அங்கே தந்தைக்குப் பின் மகன் என்ற கட்டாயமே இல்லை. சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங்குகள் கூடி, அரச குடும்பத்தின் ஆண் வாரிசுகளிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான்கு முக்கிய இளவரசர்களுக்கும் தனித்தனிப் பட்டங்கள் உண்டு: துங்கு பெசார் ஸ்ரீ மெனாந்தி, துங்கு லக்சமானா, துங்கு மூடா செர்த்திங், துங்கு பங்லீமா பெசார்.

1967இல் துவாங்கு முனாவிர் மறைந்தபோது அவர் மகன் துங்கு முஹ்ரிஸுக்கு வயது 19. உண்டாங்குகள் மகனை விட்டு, மறைந்தவரின் சகோதரர் துவாங்கு ஜாபாரைத் தேர்ந்தெடுத்தார்கள். 41 ஆண்டுகள் கழித்து, 2008 டிசம்பரில் துவாங்கு ஜாபார் மறைந்தார். அப்போது அவருடைய பிள்ளைகளை விட்டு, அன்று ஒதுக்கப்பட்ட துவாங்கு முஹ்ரிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். வாளும் இல்லை, படையும் இல்லை. முறை மட்டும் இருந்தது.

இதே எண்ணம்தான் 1957இல் நாட்டுக்கே பொதுவானது. ஒன்பது ஆட்சியாளர்கள், ஐந்தாண்டுக்கு ஒரு மாமன்னர், சுழல் முறை. அந்த முறையில் முதலில் அமர்ந்தவரும் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான்தான்.

*கடைசிப் படியில் நின்றவர்*

வகுப்பை முடிக்கும் முன் ஓர் உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி கேட்டேன். “முறை வரும் வரை இளையவர் என்ன செய்யலாம்?” வகுப்பு அமைதியானது. நான் ஒருவரின் கதையைச் சொன்னேன்.

1962இல் பேராக் ஏணியின் கடைசிப் படியான ராஜா கெச்சில் போங்சு பட்டம் ஓர் இளவரசருக்குக் கிடைத்தது. அவர் ராஜா அஸ்லான். அடுத்த ஆண்டே அவர் தந்தை சுல்தான் யூசோப் மறைந்தார். அரியணை இன்னொரு கிளைக்குப் போனது. ராஜா அஸ்லானுக்கு முன்னால் நீண்ட வரிசை. அவர் அந்த வரிசையில் கைகட்டி நிற்கவில்லை. ஏற்கெனவே இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் சட்டம் படித்து முடித்தவர். 1965இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனார். 1979இல் மலாயாவின் தலைமை நீதிபதி. 1982இல் நாட்டின் நீதித்துறைக்கே தலைவர். 1983இல் ராஜா மூடா. 1984 பிப்ரவரி 3ஆம் தேதி பேராக் சுல்தான். 1989இல் மாமன்னர். உங்களில் ஹாக்கி பிரியர்கள் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம் என்ற பெயரில் அவரை அறிந்திருப்பீர்கள்.

அரியணை வராமலே போயிருந்தாலும் அவர் நீதிபதியாக நினைக்கப்பட்டிருப்பார். பட்டம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. படிப்பும் உழைப்பும் அவரே தேடிக்கொண்டவை. கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம். தேடிக்கொண்டதை யார் திரும்ப வாங்க முடியும்?

முதல் கேள்வி கேட்ட அந்த மாணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அண்ணன் எஸ்பிஎம் தேர்வில் சிறப்பாகத் தேறியவர். பள்ளியில் பலர் இவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘இன்னாருடைய தம்பி’ என்றே அழைப்பார்கள். சான்றிதழ் கையில் இருக்குமா என்று அவர் ஏன் கேட்டார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

வகுப்பு முடிந்து எல்லாரும் பைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் என் மேசை அருகே நின்றார்.

“சார், எங்க வீட்டுல நான்தான் ராஜா கெச்சில் போங்சு.”

“அப்படின்னா என்ன செய்யப் போறீங்க?”

சற்று யோசித்தார். “மொதல்ல நாளைக்குக் கணக்குப் பாடம் இருக்கு சார்,” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, தம் மோட்டாரை எடுக்கப் போன நண்பனின் பின்னால் ஓடினார்.